நடு மாடி

“எனக்குச் சமநிலை வந்துருச்சுங்க அம்மா” என்றார் அர்த்தநாரி.

தாமரைச்செல்வி ஒரு சின்னச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா என்று அழைத்தாலும் அர்த்தநாரிதான் பதின்மூன்று வயது மூத்தவர். தாமரைச்செல்வி திருச்செங்கோட்டில், மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைப்பார். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த அறையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சிலர் கேள்வி கேட்பார்கள். பலர் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அர்த்தநாரி நான்கு வருடமாக வியாழன் தவறாமல் வந்தார். கல்லூரியில் முப்பது வருடம் நூலகராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. சத்தம் அவருக்கு ஆகாது.

“எப்படித் தெரிஞ்சது சார்?” என்று அம்மா கேட்டார். ஊரே அவரைச் சார் என்றுதான் அழைத்தது.

அர்த்தநாரி சொன்னார்.

அவருடைய வீடு அண்ணன் தம்பி மூவருக்கும் பொதுவான மூன்று அடுக்கு வீடு. கீழே அண்ணன் நாச்சிமுத்து, தனியாள், எழுபத்திரண்டு வயது. ஐப்பசியில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். மேலே தம்பி குடும்பம். தம்பி போர்வெல் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். இப்போது மேலே இருந்தது தம்பி மனைவி பூங்கொடி, பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள், பிறந்து நாற்பத்தைந்து நாளான குழந்தை.

“அண்ணன் குளிருது குளிருதுங்கிறார். சித்திரை மாசத்துல கம்பளியைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார். மேல பூங்கொடி வெந்து சாகறோம்னு அழுவுது. ஒரே வீடுங்க அம்மா. அவரால எனக்கு வெக்கைன்னு அது சொல்லுது. அவளால எனக்குக் குளிருன்னு இவர் சொல்றார். எனக்குக் குளிரும் தெரியலை, வெக்கையும் தெரியலை. காலையில உட்கார்ந்தா ரெண்டு மணி நேரம் அப்படியே இருக்கேன்.”

“அவங்களுக்கு என்ன சொன்னீங்க?”

“பொறுத்துக்கச் சொன்னேன். எல்லாம் மனசுதான்னு சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“எங்கீங்க? வீட்டை வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வீடு பார்க்க ஆள் வருது. என் கையெழுத்தும் வேணும். எனக்கு வீட்டு மேல பற்று ஒண்ணும் இல்லை. போட்டுடலாமான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நீங்க எந்த மாடி சார்?”

“நடு மாடிங்க.”

அம்மா அடுத்த பொத்தானை எடுத்தார்.

“நாளைக்கு மத்தியானம் மேல் மாடியில போய் உட்காருங்க.”

“எதுக்குங்க அம்மா?”

“அங்கேயும் அந்தச் சமநிலை வருதான்னு பாருங்க.”

மறுநாள் இரண்டு மணிக்கு அர்த்தநாரி படியேறினார். மேல் மாடிக்கு அவர் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தையைப் பார்க்கக்கூட அவர் மேலே வரவில்லை. பிறந்த மூன்றாம் நாள் அவர்களே அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“வாங்க மாமா” என்றாள் பூங்கொடி. அவள் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. உட்கார நாற்காலி போட்டாள்.

படுக்கையறைகளில் நிற்கவே முடியவில்லை. சுவரில் கை வைத்தால் சுட்டது. அதனால் எல்லோரும் கூடத்தில்தான் இருந்தார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பு புதிதாக வாங்கிய ஏசி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஓடினாலும் குளிர் தங்கவில்லை. குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவப்பாகப் படர்ந்திருந்தது. அதன் தாய் ஈரத்துணியால் அதன் கைகால்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போன வாரம் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம் பெரியப்பா. சூடு தாங்கலைன்னு டாக்டர் சொன்னார்” என்றாள்.

“எனக்குத் தெரியாதே சாமி.”

“நீங்க காலையில உட்கார்ந்திருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க.”

அர்த்தநாரி கண்ணை மூடி உட்கார்ந்தார். வேர்வை நெற்றியிலிருந்து இமைக்கு வந்தது, இமையிலிருந்து உதட்டுக்கு வந்தது. கால் மணி நேரம் கழித்து ஏசி நின்றது. மின்விசிறியும் நின்றது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது.

“கரண்ட் போச்சா?”

“இல்லைங்க மாமா” என்றாள் பூங்கொடி. குரலில் கோபம்கூட இல்லை. அட்டை ஒன்றை எடுத்துக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்தாள். “பெரிய மாமா கீழ மெயின் ஸ்விட்சை அணைச்சிருப்பார். தினமும் இந்த நேரத்துக்கு அணைச்சுடுவார். நான் போய்க் கெஞ்சினா அரை மணி நேரம் கழிச்சுப் போடுவார்.”

அர்த்தநாரி எழுந்தார். இரண்டு இரண்டு படியாக இறங்கினார். இறங்கும்போதே கத்தினார். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“அண்ணா! மேல பச்சைக் குழந்தை இருக்குது, நீங்க மனுசன்தானா?”

நாச்சிமுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றார். காதை மூடிக் குல்லாய் போட்டிருந்தார். மூச்சு விசில் மாதிரி வந்தது. ஸ்விட்சை மேலே தள்ளிப் போட்டார்.

“போட்டாச்சு. இப்ப என் கட்டில்ல அரை மணி நேரம் படுடா தம்பி. படுத்துட்டு அப்புறம் கேளு.”

கட்டில் படிக்கட்டின் அடியில் கிடந்தது. குளியலறைக்குப் போக அங்கிருந்து வாசற்படி எதுவும் தாண்ட வேண்டாம் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் அங்கேதான் படுத்தார்.

அர்த்தநாரி கோபத்தோடுதான் படுத்தார். முதலில் இதமாக இருந்தது. மேலே வெந்துவிட்டு வந்த உடம்பு. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டிலிருந்து ஏதோ இறங்கி வந்து பாதத்தைத் தொட்டது. பிறகு முழங்காலைத் தொட்டது. காற்று வீசவில்லை. தண்ணீர் போலத் தரையோடு நகர்ந்து வந்து கட்டிலில் ஏறியது. மூக்கு அடைத்தது. அரை மணி நேரம் ஆவதற்குள் அவர் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

நாச்சிமுத்து நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

“என்னை விரட்டத்தான் இத்தனை குளிரை விடுறாங்க.”

“குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது தெரியுமாண்ணா?”

“தெரியும்.” நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். “தெரிஞ்சும்தான் அணைச்சேன். மூச்சு முட்டுறப்ப யார் குழந்தைன்னு தோணலை.”

அர்த்தநாரி கட்டிலிலிருந்து எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தார். வியாழக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

“அம்மா, ரெண்டு பேரும் பொய் சொல்லலை.”

“சரி.”

“மேல உட்கார முடியலை. கீழ படுக்க முடியலை. நான் கத்திட்டேன்.”

“யாரை?”

“அண்ணனை. ரொம்பக் கேவலமாக் கத்திட்டேன். ஆனா ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்? குளிர் பண்ற மெஷின் மேல ஓடுது. அங்க வேகுது. கீழ ஒண்ணுமே ஓடலை. அங்க குளிருது.”

அம்மா தையல் இயந்திரத்தின் மேல் துணி போட்டு மூடினார்.

“காலையில நான் வர்றேன். வீட்டுல ஊதுவத்தி இருக்கா சார்?”

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். நேராக மேல் மாடிக்கு ஏறினார். பூங்கொடி காபி கொடுத்தாள். அதைக் குடித்து முடித்தார். பிறகு மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொன்னார். கூடமும் படிக்கட்டும் சேரும் இடத்தில் போய் நின்றார். அங்கே கதவு கிடையாது, வெறும் திறப்பு மட்டும்தான். ஒரு ஊதுவத்தியைப் பற்ற வைத்து அர்த்தநாரியிடம் கொடுத்தார்.

“தரையோடு பிடிங்க.”

அர்த்தநாரி உட்கார்ந்து பிடித்தார். மேலே போக வேண்டிய புகை சாய்ந்தது. படியின் விளிம்பைத் தாண்டியது. ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது.

பூங்கொடி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“இப்ப தலைக்கு மேல.”

அவர் எழுந்து கையை உயர்த்தினார். புகை இந்த முறை படிக்கட்டுப் பக்கம் போகவே இல்லை. திரும்பிக் கூடத்துக்குள் வந்தது. கூரையோடு ஒட்டிக்கொண்டு குழந்தையின் தொட்டிலுக்கு மேல் போய்ப் பரவியது.

“காலுக்குக் கீழ வெளியே போறது எது சார்?”

“குளிருங்க.”

“தலைக்கு மேல உள்ளே வர்றது?”

அர்த்தநாரி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். விரலில் வெக்கை பட்டது.

“சூடு” என்றார்.

“குளிர் எங்கே போகுதுன்னு கூடவே போய்ப் பாருங்க.”

அவர் ஊதுவத்தியைப் படியோடு பிடித்தபடி இறங்கினார். பூங்கொடியும் பின்னால் வந்தாள். புகை அவர்களுக்கு முன்னால் வழிந்தது. நடு மாடி வந்தது. அங்கே அர்த்தநாரியின் வீட்டு வாசலில் அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. படிக்கட்டுச் சத்தம் உள்ளே வராமலிருக்க இரண்டு வருடத்துக்கு முன் அவர் வைத்த கதவு. புகை அதன் காலடியை உரசிக்கொண்டு போனது. ஒரு இழைகூட உள்ளே போகவில்லை.

அர்த்தநாரி அங்கே நின்றார். பிறகு மெல்ல இறங்கினார்.

கீழே நாச்சிமுத்து கட்டிலில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். புகை கடைசிப் படியிலிருந்து அவர் காலுக்கு வந்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு படிக்கட்டில் நின்ற பூங்கொடியை அண்ணாந்து பார்த்தார்.

“இது மொத்தமும் கீழேயா வந்துடுது?”

“ஆமாங்க பெரிய மாமா.”

“அப்ப உங்களுக்கு?”

“எங்களுக்குக் குளிர் நிக்கறதே இல்லைங்க. அதனாலதான் நாள் முழுக்க ஓட விட்டோம்.”

நாச்சிமுத்து குல்லாயைக் கழற்றினார். அதை மடியில் வைத்துக்கொண்டு தடவினார்.

“நான் அணைச்சேனே அம்மணி” என்றார். “தினமும் அணைச்சேனே.”

பூங்கொடி கீழே இறங்கி வந்தாள். கம்பளி தரையில் சரிந்து கிடந்தது. எடுத்து அவர் தோளில் போட்டாள்.

“நீங்க குளிருதுன்னு சொன்னதை நானும் நம்பலைங்களே” என்றாள்.

மேலிருந்து அம்மா கூப்பிட்டார். “சார், இங்க வாங்க.”

அவர் மேல் மாடியையும் தாண்டி மொட்டை மாடிக்குப் போகும் படியில் நின்றிருந்தார். படி முடியும் இடத்தில் ஒரு சிற்றறை. இன்னொரு ஊதுவத்தியைப் பற்ற வைத்திருந்தார். புகை மேலே போய்க் கூரையில் முட்டி, நான்கு பக்கமும் அலைந்து, போக இடமில்லாமல் திரும்பி இறங்கியது. அங்கே வேகும் சூடு. பக்கச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் புதுச் சிமெண்டுப் பூச்சாகத் தெரிந்தது.

“இங்க என்ன இருந்தது?”

அர்த்தநாரி அந்தச் சதுரத்துக்குக் கிட்டே போனார்.

“ஜாலி” என்றார். “காத்து போக ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டின சிமெண்ட் ஜாலி. அப்பா வச்சது.”

“எப்ப அடைச்சது?”

“கதவு வச்ச அதே மாசம். புறா வந்து உட்கார்ந்து விடியற்காலையில சத்தம் போடும். என்னால உட்கார முடியலை.” சிமெண்டுச் சதுரத்தில் கை வைத்தார். சுட்டது. எடுக்காமல் வைத்திருந்தார். “நான்தாங்க அம்மா அடைச்சேன்.”

பூங்கொடி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அதுக்கப்புறந்தான் வெக்கையா அம்மணி?”

“அதுக்கு முன்னால நாங்க ஏசியே இல்லாமத்தான் இருந்தோம் மாமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“ஒரு நாள் சொல்ல வந்தேன். நீங்க தியானத்துல இருந்தீங்க.”

அம்மா ஊதுவத்தியைத் தரையில் அழுத்தி அணைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் நாற்பது சட்டை கொடுக்க வேண்டும் என்றார்.

அர்த்தநாரி கொத்தனாருக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சுத்தியலும் உளியும் வாங்கி வந்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று தானே உடைத்தார். வாழ்நாளில் புத்தகம் தவிர எதையும் தூக்காத கை. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் கொப்புளம் கிளம்பியது. மூன்று மணிக்கு முதல் ஓட்டை விழுந்தது. உள்ளே நின்ற சூடு அவர் முகத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. ஐந்து மணிக்குச் சதுரம் முழுக்கத் திறந்துவிட்டது.

பிறகு அலுமினிய வேலை செய்பவரை அழைத்துவந்து தன் வாசல் கண்ணாடிக் கதவைக் காட்டினார்.

“இதைக் கழட்டி மேல் மாடிக் கூடத்துல மாட்டணும்.”

“இங்க என்ன போடுறது சார்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

கதவை அளவு வெட்டி மாட்டத் திங்கட்கிழமை ஆகும் என்றார் அவர். அதுவரைக்கும் பூங்கொடி தடித்த பவானி ஜமுக்காளம் ஒன்றைக் கூடத்துத் திறப்பில் தரை தொடும்படி கட்டித் தொங்கவிட்டாள். அரை மணி நேரத்தில் கூடம் குளிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் ஏசியைக் குறைத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மகள் எழுந்து, இன்னும் குறைக்கலாம், குழந்தைக்குச் சில்லுன்னு இருக்குது என்றாள். அப்படிச் சொன்னதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாச்சிமுத்து அன்று மாலை காலை நீட்டிப் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு பார்க்க இருவர் வந்தார்கள். வாசலில் நாச்சிமுத்துதான் உட்கார்ந்திருந்தார். தோளில் கம்பளி இல்லை. மடியில் குழந்தை தூங்கியது. பூங்கொடியின் மகள் குளித்துவிட்டு வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

“வீடு விற்பனைக்குன்னு சொன்னாங்க.”

“மெதுவாப் பேசுங்க” என்றார் நாச்சிமுத்து. “இல்லைங்க. விக்கலை.”

“ரெண்டு நாள் முன்னாடிகூட நீங்கதானே ஐயா போன்ல பேசினீங்க?”

“நான்தான் பேசினேன். அப்ப எனக்கு உடம்பு சரியில்லை.”

அவர்கள் போன பிறகு அர்த்தநாரி மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்தார். வெள்ளையடித்த தளத்தில் மத்தியானம் கால் வைத்தால் பொறுக்கும்படி இருந்தது. மேல் மாடிப் படுக்கையறைகளில் மறுபடியும் பாய் விரித்தார்கள். நடு மாடியில் முன்பு இல்லாத வெக்கை கொஞ்சம் வந்தது. அர்த்தநாரி ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். வடக்கேயிருந்து தம்பி போன் செய்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் ஒரே போனில் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை அர்த்தநாரி வழக்கமான நேரத்துக்கு வந்தார். உள்ளங்கையில் மஞ்சள் பூசியிருந்தது. ஓரமாக உட்கார்ந்தார். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

“அம்மா, அஞ்சு நாளா என்னால தியானம் பண்ண முடியலை.”

“ஏன் சார்?”

“வாசல்ல கதவு இல்லையே. எல்லாம் கேட்குது. அஞ்சே காலுக்கு அண்ணன் எழுந்து வெந்நீர் வைக்கிறார். பாத்திரத்தை டங்குனு வைக்கிறார்.”

“மூச்சு எப்படி இருக்கு அவருக்கு?”

“விசில் நின்னுடுச்சுங்க. நேத்துக் காலையில ரெண்டு தடவைதான் இருமினார். இன்னைக்கு ஒரே தடவை.”

“குழந்தை?”

“அஞ்சரைக்குச் சிணுங்கும். பாலுக்கு. குடிச்சதும் ஏதோ பேசும், ங்கா ங்கான்னு. பேசிட்டே இருக்கும், ஆறு அஞ்சுக்குத் தூங்கிடும். அப்புறம் பூங்கொடி மெதுவா ஜன்னலைச் சாத்தும், அதுவும் கேட்கும். அதுக்கப்புறம் பொண்ணு சித்த நேரம் தூங்கும்.”

“நீங்க அப்ப எங்க இருப்பீங்க?”

“என் இடத்துலதான். பலகையில. கண்ணை மூடிக்கிட்டு.”

“நடுவுல எழுந்திருப்பீங்களா?”

“இல்லைங்க. எழுந்திருக்கத் தோணலை. ஏழு மணி ஆயிடும்.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

“தியானம் பண்ண முடியலைன்னீங்க. அப்ப அவ்வளவு நேரம் அசையாம உட்கார்ந்து கேட்டது யார் சார்?”

அர்த்தநாரி ஐந்தே காலிலிருந்து ஏழு மணி வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்டப் பழைய இரண்டு மணி நேரம்.